போனோடு போன லீவு

லீவுக்குப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லும் ஆட்கள் சமீபத்தில் காரில் ஊட்டிக்குப் போயிருக்க மாட்டார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அதை இணையத்தில்தான் எடுக்க முடியும். போன் நம்பர், வண்டி நம்பர், எத்தனை பேர், எங்கே தங்கல் என்று எல்லாவற்றையும் நிரப்பினால் ஒரு க்யூஆர் கோடு வரும். மலை ஏறும் முன் சாவடியில் அதை நீட்ட வேண்டும். 2025 கோடைக்கு உச்சவரம்பும் வந்தது. ஊட்டிப் பக்கம் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லை கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சென்னையிலிருந்து நான்கு பை, ஸ்வெட்டர் மூட்டை, ஒரு கூடை நொறுக்குத் தீனியோடு கிளம்பும் குடும்பத்துக்குக் கார்தான் தோது.

இ-பாஸ் ஒன்றுதான் என்றாலும் பரவாயில்லை. சுங்கச்சாவடிக்கு நூறு மீட்டர் முன்னால் ஃபாஸ்டேக்கில் காசு இல்லை என்று தெரிந்தால் ரீசார்ஜ் செய்ய போன் வேண்டும். வழி சொல்ல, ரூம் புக்கிங்கைக் காட்ட, டீக்கு பணம் போட, படம் எடுக்க, இருட்டில் செருப்பைத் தேட எல்லாவற்றுக்கும் அதுவே. ஆகவே போனைத் துறப்பது பற்றி நான் எழுதப் போவதில்லை. போன் வழியாக நம் லீவுக்குள் நுழைகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் யாரை விடுவது, யாரை வாசலிலேயே நிறுத்துவது, இதைக் கிளம்பும் முன்பே எப்படி ஏற்பாடு செய்வது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு செய்யலாம் என்று விட்டால் நடக்காது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கு மாதம் என்பது கெடு தேதிகள்தான். 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பிடித்து வைத்த வருமான வரியைக் கட்ட வேண்டும், 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்று ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். 21-ஆம் தேதிக்கு மேல்தான் மூச்சு விட முடியும். மே மாதத்தில் அதிலும் ஒரு முள் உண்டு. ஜனவரி-மார்ச் காலாண்டுக்கான டிடிஎஸ் ரிட்டர்னுக்கு மே 31 கடைசி நாள். 2025-ல் பள்ளிகள் ஜூன் 2 திறந்தன. நடுவில் கிடைத்த அந்தச் சந்தில்தான் குன்னூருக்கு ரூம் போட்டோம். ரிட்டர்ன் வேலையைக் கிளம்பும் முன்பே முடித்து ஆடிட்டர் ஆபீஸில் கொடுத்தாயிற்று.

தேதி பார்த்து லீவு போடுவது சின்ன விஷயமாகத் தெரியும். என்னைக் கேட்டால் மற்ற எல்லா உத்திகளையும்விட இதுதான் பெரிது. கெடு நெருக்கும் வாரத்தில் போனை எத்தனை முறை அணைத்து வைத்தாலும் மனசு அணையாது. ஐடியில் இருக்கும் என் தம்பிக்கு ரிலீஸ், பள்ளி ஆசிரியைக்கு விடைத்தாள் திருத்தும் வாரம், டாக்ஸி வைத்திருப்பவருக்கு முகூர்த்த நாள். அவரவர் தொழிலில் ஒரு வெற்று வாரம் எங்கோ ஒளிந்திருக்கும். ஹோட்டல் வாடகை எப்போது குறைவு என்று பார்ப்பதற்கு முன் அதைத் தேட வேண்டும்.

அடுத்தது ஓடிபி. ஆபீஸ் நம்மை விடாததற்கு மெயிலும் மீட்டிங்கும் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். எங்களைப் போன்ற சின்ன கம்பெனிகளில் காரணம் அந்த ஆறு இலக்கம். சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டுதான் இ-வே பில். 2025 ஏப்ரல் 1 முதல் அந்தத் தளத்துக்குள் நுழைய எல்லோருக்குமே பாஸ்வேர்டோடு ஓடிபியும் கட்டாயமாகிவிட்டது. அதற்கு முன் பெரிய விற்றுமுதல் உள்ள கம்பெனிகளுக்கு மட்டும் இருந்தது. சரக்கு ஏற்றிய லாரி கேட்டில் நிற்கும், டிரைவர் ஹாரன் அடிப்பார், பில் போட உட்காரும் பெண் போன் பண்ணி, "அக்கா, ஓடிபி வந்திருக்கா பாருங்களேன்" என்பாள். நான் எந்த அருவிக்கு முன்னால் நின்றாலும் லாரிக்குக் கவலையில்லை.

இதற்கு வழி தளத்திலேயே இருக்கிறது. துணைப் பயனர் என்று தனிக் கணக்கு உருவாக்கி, அதற்கு வேறு ஆளின் போன் நம்பரைக் கொடுத்துவிடலாம். அப்போது அந்த ஆளுக்கான ஓடிபி அந்த ஆளுக்கே போகும். ஜிஎஸ்டி தளத்திலும் கையொப்பமிடும் அதிகாரமுள்ளவராக இரண்டாவது ஆளைச் சேர்க்கலாம். பேங்க்கில் பணம் அனுப்ப ஒருவர் போட்டு இன்னொருவர் ஒப்புதல் தரும் ஏற்பாடு இருந்தால், ஒப்புதல் தருகிறவருக்கும் ஒரு மாற்று ஆள் வேண்டும். இதையெல்லாம் லீவுக்கு முந்தைய மாலையில் செய்ய முடியாது. படிவம், ஒப்புதல், முதலாளியின் கையெழுத்து என்று இழுக்கும். பதினைந்து நாளாவது முன்னால் ஆரம்பிக்க வேண்டும். நான் செய்த வேறொரு காரியம்: கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டே, என் போனை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, நான் இல்லாத மாதிரி வேலை நடத்தச் சொன்னேன். எங்கெங்கே என் நம்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அன்று மாலைக்குள் பட்டியல் கிடைத்துவிட்டது. கூரியர் கம்பெனி, மின் கட்டணம், ஆபீஸ் வைஃபை ரீசார்ஜ் வரைக்கும்.

முதலாளியிடம் நான் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. "சார், அவசரம்னா கால் பண்ணுங்க. வாட்ஸ்அப்ல போடாதீங்க, நான் பாக்க மாட்டேன்." கேட்பதற்கு நானே கதவைத் திறந்துவிடுவது போல இருக்கும். நடந்தது நேர்மாறு. மெசேஜ் போடுவதற்கு யாருக்கும் கூச்சம் இல்லை, லீவில் இருப்பவள் எப்போதாவது பார்க்கட்டும் என்று தட்டிவிடுவார்கள். கால் பண்ண ஒரு தயக்கம் வரும். பேசுவதற்கு முன் "இது அவசரம்தானா?" என்று அவர்களே யோசித்துக்கொள்கிறார்கள். பாதி கேள்விக்கு அந்த யோசனையிலேயே விடை கிடைத்துவிடுகிறது. குன்னூரில் இருந்தபோது ஆபீஸிலிருந்து வந்த அழைப்பு ஒன்றுதான், அதுவும் பீரோ சாவி எங்கே என்று கேட்டு.

வேலை நேரத்துக்குப் பிறகு ஆபீஸ் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பற்றி பிரான்சில் 2017 ஜனவரியிலிருந்தே சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. நம் மக்களவையில் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது. நாமே பேசி, நாமே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

போனில் செய்த மாற்றங்கள் கொஞ்சம்தான். பேங்க்கோடு, ஆதாரோடு எல்லாம் இணைந்திருக்கும் நம்பரும் ஊரே கூப்பிடும் நம்பரும் நம்மில் பலருக்கு ஒன்றுதான், அதனால் சிம்மையே கழற்றுவது நடக்காது. மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்தால் போதும். வாட்ஸ்அப், மெயில், ரீல்ஸ் எல்லாம் நின்றுவிடும். கால் வரும், எஸ்எம்எஸ் வரும், ஓடிபி வரும், மழை எச்சரிக்கையும் எஸ்எம்எஸ்ஸாக வரும். வழி பார்க்கவோ பணம் போடவோ வேண்டும் என்றால் டேட்டாவை ஒரு நிமிடம் போட்டுக்கொள்கிறேன். அந்த நிமிடத்தில் மெசேஜ்கள் கொட்டாமல் இருக்க குரூப்களை எல்லாம் ஆர்க்கைவில் தள்ளியிருந்தேன். அங்கே தள்ளிய குரூப், புது மெசேஜ் வந்தாலும் மேலே எழும்பி வராது.

'தொந்தரவு செய்யாதே' என்னும் வசதியை இரவுக்குப் போட்டு, அம்மா, தம்பி, ஆபீஸ் பெண், கீழ் வீட்டுக்காரர் ஆகிய நால்வரை மட்டும் விலக்கில் வைத்தேன். ஆண்ட்ராய்டில், ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை கூப்பிட்டால் மணி அடிக்கும்படி வைக்கலாம். யாருக்காவது உண்மையில் தலை போகிற காரியம் என்றால் இரண்டு தரம் கூப்பிடுவார்கள். கடன் வேண்டுமா என்று கேட்கும் ஆட்கள் பெரும்பாலும் ஒரு தரத்தோடு விட்டுவிடுகிறார்கள். அவர்களைத் தடுக்க 1909 என்ற எண்ணில் பதிந்து வைப்பது தனி வேலை, அதையும் ஒரு நாள் செய்துவிடுங்கள்.

அபார்ட்மென்ட் குரூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மே மாதம். சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில் தண்ணீர் இல்லை. மெட்ரோ வாட்டர் லாரி புக் செய்தாயிற்றா என்று ஒருவர் கேட்பார், நேற்றே புக் செய்தாயிற்று என்று செயலாளர் சொல்வார், போன மாதக் கணக்கு எங்கே என்று மூன்றாமவர் ஆரம்பிப்பார், நடுவில் ஒருவர் காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ படம் போடுவார். ஐநூறு கிலோமீட்டர் தள்ளி, தண்ணீர் தானாகக் கொட்டும் மலையில் உட்கார்ந்துகொண்டு நான் இதைப் படிப்பதால் சம்ப் நிரம்பாது. ஆனால் படித்தால் ரத்தம் கொதிக்கும், பதில் போடத் தோன்றும். கீழ் வீட்டுக்காரரிடம் சாவி ஒன்றைக் கொடுத்து, "பைப் உடைஞ்சா, மோட்டார் போனா மட்டும் கூப்பிடுங்க மாமா" என்று சொன்னதோடு என் பங்கு முடிந்தது. பூட்டிய வீட்டைப் பற்றிப் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகச் சொல்வார்கள், அதையும் செய்தோம். ரோந்து வரும்போது ஒரு பார்வை விழும். அதே நேரத்தில் குன்னூர் தேயிலைத் தோட்டத்தில் நின்று எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்து, வீடு காலியாக இருக்கிறது என்று ஊருக்கே அறிவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. படங்களைத் திரும்பி வந்து போட்டாலும் அதே அத்தைகள்தான் அதே இதயத்தைப் போடுவார்கள்.

வீட்டு ஆண்கள் இருவரும் இதில் தனி ரகம். என் கணவருக்கு ஏப்ரல், மே என்றால் ஐபிஎல். போனை வைக்கச் சொன்னால் "ஒரு ஓவர்மா" என்பார், இருபது ஓவரும் அந்த ஒன்றுக்குள் அடங்கிவிடும். 2025-ல் சென்னை அணி வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. எங்கள் லீவுக்கு அது செய்த உதவியை என்னுடைய எந்த ஏற்பாடும் செய்யவில்லை. பையன் விஷயம் வேறு. பிளஸ் டூ போகப் போகிறவன், அவனுடைய நண்பர்கள் மொத்தமும் அந்தப் போனுக்குள் இருக்கிறார்கள். பிடுங்கி வைத்தால் லீவு முழுக்க உம்மென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், அந்த முகத்தைப் பார்ப்பதைவிட அவன் போனைப் பார்ப்பதே மேல்.

மதுரைக்குப் போயிருந்தபோது இதற்கு ஒரு வழி தானாக அமைந்திருந்தது. 2018 பிப்ரவரியில் மீனாட்சி அம்மன் கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு கோயிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்றாகிவிட்டது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்கள் எல்லாவற்றிலும் இதைக் கொண்டுவரச் சொன்னது. வாசலில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். பையன் வாயே திறக்கவில்லை. அம்மா பிடுங்கினால் அநியாயம், கவுண்டரில் கொடுத்தால் விதி! உள்ளே போனதும்தான் வேறொன்று புரிந்தது. கூட்டத்தில் பிரிந்தால் "எங்க இருக்கீங்க?" என்று கேட்க வழியில்லை. "பொற்றாமரைக் குளத்துக்குத் தெற்குப் பக்கப் படிக்கட்டு, பதினொன்றரைக்கு" என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டியிருந்தது. என் மாமியார் காலத்தில் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனால் இப்படித்தான் பேசி வைத்துக்கொண்டு போவார்களாம். பையனுக்கு அது ஒரு புது விளையாட்டு மாதிரி இருந்தது, கையில் கடிகாரம்கூட இல்லாமல் ஒவ்வொரு சன்னதியிலும் அர்ச்சகரிடம் மணி கேட்டுக்கொண்டே வந்தான்.

அந்தக் கவுண்டரைக் குன்னூருக்குக் கொண்டுபோனோம். தங்கிய வீட்டில் ஒரு மர அலமாரி இருந்தது. மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை எல்லாருடைய போனும் அதற்குள். என்னுடையதும்தான், எட்டு மணிக்கு அம்மாவிடம் பேச மட்டும் வெளியே வரும். பெரியவர்கள் வைக்காவிட்டால் பிள்ளை வைக்க மாட்டான், இதில் பேச்சுக்கே இடமில்லை. பகலில் அவனுக்கு வேலை கொடுத்தோம். வழி பார்ப்பது, இ-பாஸை எடுத்துக் காட்டுவது, கணக்கு எழுதுவது அவன் பொறுப்பு. போன் கையில்தான் இருந்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு காரிலிருந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தான்.

வழி என்றதும் நினைவு வருகிறது. மலைப் பகுதியின் மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாவிட்டாலும் கார் ஓட்ட வழி காட்டும். ஆனால் மேப்புக்குத் தெரியாத சங்கதிகள் உண்டு. முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூருக்குப் போகும் சாலையை இரவு 9 முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள், காட்டு விலங்குகளுக்காக. சிக்னல் இல்லாமல் ஓடும் மேப் அதையெல்லாம் எச்சரிக்கும் என்று நம்பிக் கிளம்பக் கூடாது, டீக்கடைக்காரரைக் கேட்டுக்கொள்வதே நல்லது. அதே டீக்கடையில் யுபிஐ பல நேரம் சுற்றிக்கொண்டே நிற்கும். பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டாக ஒரு கட்டு கையில் இருந்தால் நிம்மதி. ஐநூறு ரூபாயை நீட்டினால் காலை நேரத்தில் யாரிடமும் சில்லறை இருக்காது.

இனி அம்மா. மற்ற எல்லோரையும் வெளியே நிறுத்தும் ஏற்பாடுகளை அடுக்கினேன். அம்மாவுக்கு நேர் எதிரான ஏற்பாடு தேவைப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் தனியாக இருக்கிறாள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே தெருவெல்லாம் தண்ணீர், கரண்ட் இல்லை, போன் போகவில்லை. அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று தெரியாமல் நாங்கள் தவித்தோம், நாங்கள் எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரியாமல் அவள் தவித்திருக்கிறாள். அடுத்த வருடமே வர்தா புயல், 2016 டிசம்பர் 12, மறுபடி அதே கதை. 2023-ல் மிக்ஜாம் புயல். இந்த ஊரில் சிக்னல் போவது என்றால் என்னவென்று நமக்கு நன்றாகத் தெரியும். வேண்டுமென்று போனை அணைத்துவிட்டு அமைதியாக இருப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் மறந்துவிடும் ஒன்று: நம் அமைதி மறுமுனையில் இருப்பவருக்கு எப்படிக் கேட்கிறது என்பது. நாம் மலையில் நிம்மதியாக இருக்கிறோம், அவருக்கு அது "எடுக்க மாட்டேங்கிறாளே" மட்டும்தான்.

அதனால் அம்மாவின் தினசரிக் காலண்டர் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். தங்கும் வீட்டின் பெயர், அதைப் பார்த்துக்கொள்கிறவரின் நம்பர், தினமும் இரவு 8 மணிக்கு நான் கூப்பிடுவேன் என்பது. அதற்குக் கீழே இன்னொரு வரி: "எட்டு மணிக்கு நான் கூப்பிடாவிட்டால் சிக்னல் இல்லை என்று அர்த்தம். மறுநாள் காலை 9 மணிக்கு மேல் இந்த நம்பருக்குக் கூப்பிடு." எப்போது பேசுவோம் என்று எல்லோரும் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். பேச முடியாமல் போனால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம், பிறகு யாரைக் கேட்கலாம் என்பதைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் குறைவு.

அது உடனே சோதனைக்கு வந்தது. 2025-ல் தென்மேற்குப் பருவமழை மே 24-ஆம் தேதியே கேரளத்தில் இறங்கிவிட்டது. வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டித்தான் வரும். 25, 26 தேதிகளில் நீலகிரிக்கு ரெட் அலர்ட். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டலாம் என்று பொருள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் காலையில் இட்லியோடு வந்து, "இன்னைக்கு எங்கயும் கிளம்பாதீங்க மேடம், பாக்குற இடமெல்லாம் மூடிட்டாங்க" என்றார். மதியத்துக்குள் கரண்ட் போனது. சாயங்காலம் எங்கள் எல்லோர் போனிலும் சிக்னல் போனது. எட்டு மணிக்கு அம்மாவைக் கூப்பிட வழியில்லை.

அந்த நேரத்தில் மாம்பலத்தில் அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நியூஸ் சேனல்களில் மரம் விழுகிறது, மண் சரிகிறது, சிவப்புப் பட்டையில் நீலகிரி என்று ஓடுகிறது. மறுநாள் காலை ஒன்பது ஐந்துக்கு அந்த அண்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து போனை நீட்டினார். அவர் வைத்திருந்த பிஎஸ்என்எல் நம்பர் மட்டும் விட்டு விட்டு எடுத்தது. எடுத்ததும் திட்டுவாள் என்று நினைத்தேன். "மழையா அங்க? சாப்டீங்களா? நேத்து ராத்திரி பயமாதான் இருந்துச்சு. காலைல ஒம்பதுன்னு எழுதி வச்சிருந்தியே, சரின்னு டிவிய அணைச்சிட்டுப் படுத்துட்டேன். ஒம்பது அடிச்சதும் கூப்டேன்." முழு ராத்திரியும் உட்கார்ந்திருந்திருக்க வேண்டியவள் தூங்கியிருக்கிறாள், ஒரு ஸ்கெட்ச் பேனா வரியால்.

கரண்ட்டும் சிக்னலும் இல்லாத அந்த மறுநாளைப் பற்றி இனிமையாக ஏதாவது எழுதலாம். உண்மை அப்படி இல்லை. மதியம்வரை நால்வரும் எரிச்சலில் இருந்தோம். பையன் காரில் உட்கார்ந்து சார்ஜ் போட்டுக்கொண்டு இருந்தான், சிக்னல் இல்லாத போனுக்கு எதற்குச் சார்ஜ் என்று அவனுக்கும் தெரியவில்லை. என் கணவர் அணைந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என் மாமியார் மட்டும் வழக்கம்போல மதியம் தூங்கி எழுந்து, "சீட்டுக்கட்டு இருக்கா பாரு" என்றார். மாலையில் ஆட்டம் சூடு பிடித்தது, ஏமாற்றுகிறவர் மாமியார்தான் என்பதும் தெரிய வந்தது. அவ்வளவே. நாள் முழுக்கப் பொற்காலமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனை அணைக்காதீர்கள், முதலில் சலிப்புத்தான் வரும்.

இதிலிருந்து ஒரு திருத்தம் செய்துகொண்டேன். செய்தி வேண்டாம் என்றால் முழுக்க வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது, மலைக்கோ கடற்கரைக்கோ போகும்போது வானிலை மட்டும் விதிவிலக்கு. இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக நிறம் போட்டுத் தருகிறது. காலையில் ஒரு முறை அதைப் பார்த்தால் போதும், அதற்கு மேல் பார்த்தால் பயம்தான் வளரும்.

லீவு முடியும்போது ஒரு நாளாவது மிச்சம் வைத்து ஊர் திரும்புவது என் வழக்கம். துணி துவைக்க ஒரு நாள், மெசேஜ் துவைக்க ஒரு நாள். நூற்றுக்கணக்கில் சேர்ந்து கிடந்ததை மேலிருந்து கீழாக வாசிக்க உட்கார்ந்தால் லீவின் பலனெல்லாம் அரை மணியில் கரைந்துவிடும். குரூப்களைப் படிக்காமலே 'படித்தாயிற்று' என்று குறித்துவிட்டேன். தண்ணீர் லாரிச் சண்டை தானாகத் தீர்ந்திருந்தது, புதிதாக லிஃப்ட் சண்டை ஆரம்பித்திருந்தது. தனி ஆட்கள் அனுப்பியதைக் கடைசி மெசேஜிலிருந்து பின்னோக்கிப் படித்தேன். "சரி விடு, கிடைச்சிடுச்சு" என்று கடைசியில் இருந்தால் அதற்கு மேலே உள்ள பத்தையும் படிக்க வேண்டியதில்லை.

ஆபீஸில் முதல் நாள் காலை கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் அந்தப் பெண்ணை உட்காரவைத்து, நோட்டைக் கொண்டு வரச் சொன்னேன். நான் இல்லாதபோது நடந்ததை அதில் தேதி போட்டு எழுதச் சொல்லியிருந்தேன். "இதெல்லாம் முடிஞ்சுது அக்கா. இந்த மூணுதான் உங்களுக்கு" என்றாள். ஒரு சப்ளையரின் கிரெடிட் நோட், ஒரு சம்பளப் பிடித்தம், ஆடிட்டர் கேட்ட ஒரு பில். பத்து மணிக்குள் மூன்றும் முடிந்தன. மெயிலில் அதே மூன்றைத் தேடியிருந்தால் மதியம் ஆகியிருக்கும்.

இப்போது அவள் ஆகஸ்டில் ஊருக்குப் போக லீவு கேட்டிருக்கிறாள், தேதியை அவளே 21-க்கு மேல் பார்த்துப் போட்டிருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று இ-வே பில்லுக்கு மூன்றாவதாக ஒரு நம்பர் சேர்க்கலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். உங்கள் நம்பரையே கொடுங்கள் சார் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.